டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: ஈரலில் வைரஸ், ரத்தத்தில் சர்க்கரை

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, 'ஹெபடைடிஸ் சி வைரஸ் ஈரலில் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரையும் ஏறலாம்' என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 54 வயது. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. குடிப்பழக்கம் கிடையாது. 1996-ல் விபத்தில் அடிபட்டபோது ரத்தம் ஏற்றினார்கள். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். 'சர்க்கரைக்கும் இந்த வைரஸ் ஒரு காரணமாக இருக்கலாம்' என்கிறார் ஈரல் டாக்டர். ஈரலில் இருக்கிற கிருமி எப்படி அம்மா சர்க்கரையைக் கொண்டுவரும்?
– வாசகி, கரூர்

அந்த ரத்தத்தை நினைத்து நினைத்து மருகாதீர்கள் அம்மா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வைரஸையே 1989-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்பதுதான் இந்த மஞ்சள் காமாலைக்குப் பெயர். நம் ரத்த வங்கிகளில் ஒவ்வொரு பையையும் இதற்காகச் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2000-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஒரே ஊசியைக் கொதிக்க வைத்து வரிசையாகப் பலருக்குப் போட்ட காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எல்லாருமே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் இந்த வைரஸ் இருபது, முப்பது வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் ஈரலில் குடியிருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு நடந்ததுபோல, வேறு எதற்கோ போகும்போதுதான் பெரும்பாலும் தெரியவருகிறது.

சரி, சர்க்கரைக்கு வருவோம். சர்க்கரை நோய் என்றதும் எல்லாரும் கணையத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் நம் உடம்பின் சர்க்கரைக் கிடங்கு ஈரல். நாம் இட்லி சாப்பிட்டால் அதிலிருந்து வரும் சர்க்கரை குடலிலிருந்து நேரே ஈரலுக்குத்தான் போகிறது. கணையம் சுரக்கும் இன்சுலினும் அதே ரத்தக்குழாய் வழியாக முதலில் ஈரலைத்தான் அடைகிறது. 'சாப்பாடு வந்துவிட்டது, இனி நீ சர்க்கரை தயாரித்து வெளியே விட வேண்டாம், வருவதை எடுத்துச் சேமித்து வை' என்று இன்சுலின் சொல்ல, ஈரல் கேட்டுக்கொள்ளும். இரவில் நாம் தூங்கும்போது ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை எடுத்துவிடும். இதுதான் ஒழுங்கு.

ஹெபடைடிஸ் சி வைரஸ் ஈரல் செல்லுக்குள் புகுந்து தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது, அதன் மையப் புரதம் அந்தச் செல்லின் உள்வேலையைக் கெடுக்கிறது. இன்சுலின் வந்து செல்லின் வாசலில் அழைப்பு மணியை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி, பொத்தான் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே போகும் கம்பியை வைரஸ் அறுத்துவிடுகிறது. இன்சுலின் தரும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்கள் சில இருக்கின்றன. வைரஸ் தூண்டிவிடும் வேறு சில புரதங்கள் அவற்றைச் சிதைத்துவிடுகின்றன. செய்தி போய்ச் சேராததால் ஈரல், சாப்பாடு வந்த பிறகும் சர்க்கரையைத் தயாரித்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கணையம் இன்னும் அதிகமாக, இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. இந்த நிலைக்குத்தான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்று பெயர், தமிழில் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கணையம் களைத்துப்போகும் நாளில் அது சர்க்கரை நோய் என்று வெளியே தெரிகிறது.

இது ஊகம் இல்லை. ஜப்பானில் ஆராய்ச்சியாளர்கள் இந்த வைரஸின் மையப் புரதத்தை மட்டும் உண்டாக்கும் மரபணுவை எலிகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள், 2004-ல் அது வெளியானது. எலிகள் குண்டாகவில்லை, ஈரலில் பெரிய அழற்சியும் இல்லை, ஆனாலும் இன்சுலினுக்கு அவற்றின் உடம்பு சரியாகப் பதில் சொல்லவில்லை. அதே எலிகளுக்குக் கொழுப்புத் தீனி கொடுத்தபோது சர்க்கரை நோயே வந்தது. அந்தக் கொழுப்புத் தீனி விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். வைரஸ் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது, வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் மூன்று வேளைச் சோறும் மீதி வேலையை முடித்துவிடுகின்றன.

அதனால் உங்கள் வீட்டுக்காரரின் சர்க்கரைக்கு வைரஸ் எவ்வளவு, பரம்பரை எவ்வளவு, தொப்பை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவருடைய அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்திருந்தால், வைரஸ் இல்லாமலே அவருக்கு வந்திருக்கவும் கூடும். ஆனால் இந்த மூன்றில் பன்னிரண்டே வாரத்தில் முழுசாக விரட்டக்கூடியது வைரஸ் ஒன்றுதான். அதை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முதல் பரிசோதனையில் தெரிந்தது எதிர்ப்புப் பொருள்தான், அதாவது வைரஸ் எப்போதோ உள்ளே வந்ததற்கான தடம். தொற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்தில்லாமலே முதல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடுவதும் உண்டு. இப்போதும் வைரஸ் இருக்கிறதா என்பதை ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். அதை எடுக்காமல் சிகிச்சை தொடங்க மாட்டார்கள்.

டாக்டர், வணக்கம். எனக்கு வயது 61. 2008-ல் ஹெபடைடிஸ் சிக்கு 48 வாரம் வாராவாரம் ஊசி போட்டு, தினமும் மாத்திரையும் சாப்பிட்டேன். காய்ச்சல், முடி கொட்டியது, 11 கிலோ இளைத்தேன், மனசும் சரியில்லாமல் போனது. கடைசியில் கிருமி போகவில்லை. 'உங்களுக்குச் சர்க்கரை இருப்பதும் ஒரு காரணம்' என்றார்கள். இப்போது புது மருந்து எடுக்கச் சொல்கிறார்கள். திரும்பவும் அந்த அவஸ்தையா என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், கிள்ளான், மலேசியா

ஐயா, நீங்கள் பட்டது சாதாரணமான பாடு இல்லை. அந்த 48 வாரத்தை முழுசாகத் தாங்கி முடித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பாதியில் விட்டவர்களையும் நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

உங்களுக்கு அன்று சொன்னது உண்மைதான். நீங்கள் போட்டுக்கொண்ட இன்டர்ஃபெரான் ஊசி வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்து கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டு, செல்லையே வைரஸோடு சண்டை போட வைக்கும் மருந்து. இன்சுலின் எதிர்ப்பு உள்ள செல்லில் இன்டர்ஃபெரான் தரும் கட்டளையும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. இன்சுலினின் கம்பியை அறுக்கும் அதே புரதங்களில் ஒன்று இன்டர்ஃபெரானின் கம்பியிலும் கை வைக்கிறது. 2005-ல் ஸ்பெயினில் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஜீனோடைப் 1 வகை வைரஸ் உள்ளவர்களில் இன்சுலின் எதிர்ப்பு இல்லாதவர்கள் 100-க்கு 60 பேர் குணமானார்கள், இன்சுலின் எதிர்ப்பு இருந்தவர்களில் 100-க்கு 33 பேர்தான். ஏறக்குறைய பாதி. அதற்கப்புறம் ஊசியோடு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து, இன்சுலின் எதிர்ப்பைக் குறைத்தால் ஊசி வேலை செய்யுமா என்றெல்லாம் முயன்று பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் வரவில்லை.

புது மாத்திரைகளின் கதையே வேறு. அவை வைரஸின் மேலேயே நேராகக் கை வைக்கின்றன. வைரஸ் தன்னை நகலெடுக்க ஒரு என்சைம் வைத்திருக்கிறது. சோஃபோஸ்புவிர் அந்த என்சைமுக்குள் பொய்யான கல்லாகப் போய் உட்கார்ந்து, நகலெடுப்பதைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. டக்லாடாஸ்விர், வெல்படாஸ்விர் போன்றவை வைரஸுக்குத் தேவையான இன்னொரு புரதத்தை முடக்குகின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கெஞ்ச வேண்டிய வேலையே இல்லை. அதனால் சர்க்கரை இருந்தாலும், இன்சுலின் எதிர்ப்பு இருந்தாலும், முன்பு ஊசி தோற்றுப்போயிருந்தாலும் இப்போது 100-க்கு 95 பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். ஈரல் மிகவும் சுருங்கிப்போனவர்களுக்கு மட்டும் இது கொஞ்சம் குறையும். பக்கவிளைவு என்று பார்த்தால் லேசான தலைவலி, அசதி, சிலருக்குக் குமட்டல். பலருக்கு அதுவும் இல்லை. பன்னிரண்டு வாரம், தினமும் மாத்திரை, அவ்வளவுதான்.

உங்கள் நாட்டில் இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, 2017-ல் காப்புரிமையைத் தாண்டி அரசாங்கமே உரிமம் வழங்கியது. அப்படித் துணிந்து செய்த நாடுகள் மிகக் குறைவு. உங்களுக்காகச் செய்தது அது, தயங்காமல் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒன்று. 2008-க்குப் பிறகு இத்தனை வருடம் வைரஸ் உள்ளேயே இருந்திருக்கிறது. உங்கள் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்பதை முடிவு செய்வதே அதை வைத்துத்தான்.

எனக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 108. 'ஹோமா ஐஆர் 4' என்று லேப் ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. அது என்ன?
– வாசகர், கோவை

வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவையும், அதே ரத்தத்தில் இருந்த இன்சுலின் அளவையும் பெருக்கி, 405-ஆல் வகுப்பார்கள். 1985-ல் வந்த கணக்கு இது. உங்கள் சர்க்கரை 108 என்றால் இன்சுலின் 15 இருந்திருக்கும். பெருக்கினால் 1,620, வகுத்தால் 4. சர்க்கரையை 108-ல் வைத்திருக்கவே உங்கள் கணையம் அவ்வளவு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். பொதுவாக 2, 2.5-க்கு மேல் போனால் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம், எல்லைக்கோடு ஆளுக்கு ஆள், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். வைரஸ் மாத்திரை தொடங்குவதற்கு இந்தப் பரிசோதனை தேவையே இல்லை, திரும்பத் திரும்ப எடுத்துக் காசைச் செலவழிக்க வேண்டாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை எடுத்துப் பாருங்கள், நீங்கள் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள்.

என் அம்மாவுக்கு 58 வயது. காலையும் இரவும் இன்சுலின் ஊசி, கூடவே கிளிமெபிரைடு மாத்திரை. ஹெபடைடிஸ் சிக்கு மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி மயங்கிவிட்டார். குத்திப் பார்த்தால் சர்க்கரை 52. வைரஸ் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இரண்டு நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம். சரிதானே டாக்டரம்மா?
– வாசகி, திருநெல்வேலி

இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்கள் எண்ணுக்கு நானே கூப்பிட்டுப் பேசிவிட்டேன் என்பதால், இங்கே மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

வைரஸ் மாத்திரையை நிறுத்தக் கூடாது. குறைக்க வேண்டியது சர்க்கரை மருந்தை, அதையும் டாக்டரிடம் கேட்டு.

நடந்தது என்ன தெரியுமா? மாத்திரை தொடங்கிய முதல் சில வாரத்திலேயே ரத்தத்தில் வைரஸின் அளவு லட்சக்கணக்கிலிருந்து மளமளவென்று இறங்கிவிடுகிறது. அறுந்த கம்பி ஒட்டுகிறது. ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்க ஆரம்பிக்கிறது. ஆனால் உங்கள் அம்மா போட்டுக்கொள்வது, ஈரல் காது கேளாமல் இருந்த காலத்தில் நிர்ணயித்த அளவு. நேற்றுவரை அதுதான் சரியான அளவு, இன்று அது அதிகம். அதனால்தான் இறங்கிவிட்டது. இந்த வகை மாத்திரைகளோடு வரும் மருந்துத் தகவல் தாளிலேயே, சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், முதல் மூன்று மாதம் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்று எச்சரிக்கை இருக்கிறது. அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்?

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது, இன்றுவரை உறுத்துகிறது. வெகு நாளாக என்னிடம் சர்க்கரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு நெசவாளர். வேறு ஊரில் ஈரல் டாக்டரைப் பார்த்து வைரஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். எனக்கு அவர் சொல்லவில்லை, நானும் 'புதுசாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று கேட்கவில்லை, பழைய சீட்டையே திருப்பி எழுதிக் கொடுத்தேன். தறியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நல்ல வேளையாகப் பக்கத்துத் தறிக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வியே அதுதான்.

அதனால், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், ஈரலுக்கு ஒரு டாக்டர் என்று பார்ப்பவர்கள் வைரஸ் மாத்திரை தொடங்கும் நாளை இரண்டு பேருக்கும் சொல்லிவிடுங்கள். இன்சுலின் ஊசியும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு மாதிரியான மாத்திரைகளும்தான் சர்க்கரையை இப்படித் தள்ளிவிடக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை, சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகளோடு மெட்ஃபார்மினைத் தாராளமாகச் சேர்த்துச் சாப்பிடலாம். இன்சுலின் போடுபவர்கள் முதல் ஒரு மாதம் தினமும் காலையில் வெறும் வயிற்றிலும், இரவு சாப்பாட்டுக்கு முன்னும் குத்திப் பாருங்கள், அப்புறம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். 70-க்குக் கீழே வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருப்பவர்களும், ரம்ஜான் நோன்பு வைப்பவர்களும் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் அது வந்தால் டாக்டரிடம் பேசாமல் பட்டினி இருக்க வேண்டாம். சாமியும் கோபித்துக்கொள்ளாது, அல்லாவும் நோயாளிக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்.

நிறுத்திய இரண்டு நாள் பற்றி: அன்றே மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டேன். இடையில் விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, ஒரு நாள்கூட விடாமல் முடிக்க வேண்டும்.

வைரஸ் போய்விட்டால் சர்க்கரையும் போய்விடுமா? மாத்திரையை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், ஈரோடு (இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள்)

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆமாம் என்று சொல்ல. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் சர்க்கரை நோயோடு வைரஸ் மாத்திரையும் சாப்பிட்ட 2,400-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொடக்கத்தில் ஹெச்பிஏ1சி அதிகமாக இருந்தவர்களில், வைரஸ் போனவர்களுக்கு அது 0.98 இறங்கியது. வைரஸ் போகாதவர்களுக்கு 0.65. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்கள், குணமானவர்களில் 100-க்கு 41 பேரிலிருந்து 38 பேராகக் குறைந்தார்கள். குணமாகாதவர்களில் இன்சுலின் போடுபவர்கள் கொஞ்சம் கூடத்தான் செய்தார்கள்.

இந்தக் கணக்கைக் கவனித்துப் பாருங்கள். வைரஸ் போகாதவர்களுக்குக்கூட 0.65 இறங்கியிருக்கிறது. மாதாமாதம் டாக்டரிடம் போய்வந்தது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டது, சாப்பாட்டில் கவனம் வந்தது, இதெல்லாமும் அதில் கலந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் இறக்கம்தான் வைரஸ் போனதால் வருவது. அது நிஜமான பலன், ஆனால் மந்திரம் போட்டதுபோல் மறைந்துவிடாது. என் அனுபவத்தில், சர்க்கரை வந்து ஓரிரு வருடமே ஆன, தொப்பை இல்லாத, வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லாத ஆட்களுக்கு மருந்து நன்றாகவே குறைகிறது, ஒரு சிலருக்கு நின்றும் இருக்கிறது. பதினைந்து வருடச் சர்க்கரைக்காரருக்குக் கணையமே களைத்துப் போயிருக்கும், அவருக்கு வைரஸ் போனாலும் மருந்து தேவைதான். சர்க்கரை இன்னும் வராமல் இன்சுலின் எதிர்ப்பு மட்டும் இருப்பவர்களுக்குத்தான் இதில் அதிக லாபம். வைரஸ் குணமானவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பு தேறியதும் பசி எடுக்கும், வாய்க்கு ருசி வரும், 'இவ்வளவு நாள் இளைத்துப் போய்விட்டாய்' என்று வீட்டில் நெய் ஊற்றிப் போடுவார்கள். ஆறே மாதத்தில் ஐந்து கிலோ ஏறி, வைரஸ் விட்ட இடத்தைத் தொப்பை பிடித்துக்கொள்ளும், இறங்கிய சர்க்கரை திரும்ப ஏறும். கொலஸ்ட்ராலும் அப்படித்தான். வைரஸ் ரத்தத்தில் கொழுப்போடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கிறது, அது இருக்கும்வரை கெட்ட கொழுப்பின் அளவு குறைவாகக் காட்டும், போன பிறகு நிஜ அளவு தெரியும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஜீனோடைப் 3 வகையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த வகை ஈரலில் நேரடியாகவே கொழுப்பைச் சேர்க்கும், அதனால் ஸ்கேனில் 'கொழுப்பு ஈரல்' என்று வந்தவர்கள், வைரஸ் போன ஆறு மாதம் கழித்து ஸ்கேனையும் கொழுப்புப் பரிசோதனையையும் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

வைரஸ் மாத்திரையோடு ரிபாவிரின் என்ற மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அணுக்கள் சீக்கிரம் உடைந்தால் ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து காட்டும். ஈரல் சுருங்கி மண்ணீரல் பெருத்தவர்களுக்கும் இதே கதைதான். ஆறரை என்று வந்ததே என்று சந்தோஷப்பட்டு மருந்தைக் குறைத்துவிடாமல், குத்திப் பார்க்கும் அளவையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

'முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், அப்புறம் வைரஸைப் பார்க்கலாம்' என்கிறார்கள். எட்டு மாதமாக அலைகிறேன். தவிர, இந்த மாத்திரைக்குப் பல லட்சம் ஆகும் என்கிறார்களே?
– வாசகர், விழுப்புரம்

இரண்டுமே பழைய காலத்துப் பேச்சு. இன்டர்ஃபெரான் ஊசிக்காலத்தில் சர்க்கரையைச் சரிசெய்துவிட்டு வா என்பதில் நியாயம் இருந்தது. இப்போது உங்கள் ஹெச்பிஏ1சி 10 இருந்தாலும் வைரஸ் மாத்திரை வேலை செய்யும். வைரஸ் உள்ளே இருக்கும்வரை சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம், கட்டுக்குள் வராததால் வைரஸுக்கு மருந்து இல்லை என்றால் அந்தச் சுற்று எங்கே முடியும்? அதற்குள் ஈரல் சுருங்கிவிடும், இன்சுலின் எதிர்ப்பு இருப்பவர்களுக்கு ஈரல் வேகமாக இறுகுகிறது என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். இரண்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றி. 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். அந்தச் செய்திதான் இன்னும் நம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2014-லேயே இந்திய கம்பெனிகள் தயாரிக்க உரிமம் கிடைத்து, இங்கே விலை பல மடங்கு இறங்கிவிட்டது. பஞ்சாப் அரசு 2016-ல் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நாடு முழுவதும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஈரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்லாடாஸ்விரும் பன்னிரண்டு வாரம், சுருங்கியவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும். உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தத் திட்டத்தின் சிகிச்சை மையம் எங்கே என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 55 லட்சம் பேருக்கு இந்த வைரஸ் இருந்தது. மருந்து இலவசமாக இருந்தும் எத்தனையோ பேர் இன்னும் வந்து வாங்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை.

போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவற்றோடு வைரஸ் மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. இதயத் துடிப்புக்கான அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சர்க்கரைக்காரர்கள் பலர் பழக்கமாகச் சாப்பிடும் பான்டபிரசோல், ஒமெபிரசோல் மாதிரி வயிற்று மாத்திரை, வெல்படாஸ்விர் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் முன்கூட்டியே சோதிப்பார்கள். சி போகும்போது உள்ளே அடங்கிக் கிடந்த பி விழித்துக்கொண்டு ஈரலைத் தாக்கியது உண்டு என்பதால், அமெரிக்க மருந்துத் துறை 2016-ல் இதற்குக் கடுமையான எச்சரிக்கையே கொடுத்தது.

கீழாநெல்லி சாப்பிட்டால் போதாதா? எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்குக் காமாலை தீர்ந்திருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

தீர்ந்த காமாலைகளில் பெரும்பாலானவை ஹெபடைடிஸ் ஏ, ஈ வகை. அவை மருந்து இல்லாமலே சில வாரத்தில் போய்விடும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். 1988-ல் சென்னையில் செய்த ஓர் ஆய்வு, கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குணமாக்குகிறது என்று லான்செட் இதழில் வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் சி-யைக் கீழாநெல்லி போக்கியதற்கு ஆதாரம் இல்லை. நம் மண்ணின் மூலிகை மேல் எனக்கும் பாசம் உண்டு ஐயா. ஆனால் மூன்று மாதத்தில் தீரும் வியாதியை மூன்று வருடம் கீழாநெல்லியோடு வளரவிட்டு, வயிறு வீங்கி, நீர் எடுக்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காபி குடிக்கலாமா என்று நீங்களே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. காபி குடிப்பவர்களின் ஈரல் மெதுவாகவே இறுகுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை போடாத டிகாக்‌ஷன் காபியாக இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது மறுபடி 'ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்' என்கிறார்கள். வைரஸ் திரும்பிவிட்டதா? வீட்டில் மனைவிக்கும் அப்பாவுக்கும் சர்க்கரை, மூன்று பேரும் ஒரே குளுக்கோமீட்டரில்தான் குத்திப் பார்க்கிறோம்.
– வாசகர், சிவகங்கை

தம்பி, பதற வேண்டாம். அவர்கள் பார்த்தது எதிர்ப்புப் பொருள். அது குணமானவர்களுக்கும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். மாத்திரை முடித்த பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்திருந்தால், நீங்கள் குணமானவர்தான். அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மெடிக்கல் எடுப்பவர்கள் கேட்டால் புதிதாக ஓர் ஆர்.என்.ஏ. எடுத்துக் காட்டுங்கள். ஆனால் ஒருமுறை குணமானதால் மறுபடி தொற்றாது என்று கிடையாது, இதற்குத் தடுப்பூசியும் இல்லை. ஈரல் சுருக்கம் ஏற்கெனவே இருந்ததென்றால் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிவதற்காக.

சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒரே டம்ளரில் குடிப்பதாலோ இது தொற்றாது. ரத்தம் பட்டால்தான். அதனால் எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. குத்தும் பேனாவும் ஊசியும் ஆளுக்கு ஒன்று தனியாக இருக்க வேண்டும், இன்றே வாங்கிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. மீட்டரும் முடிந்தால் தனித்தனி, முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் நன்றாகத் துடைத்த பிறகே அடுத்தவர். சவர பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றுக்கும் இதுதான். அப்பாவையும் மனைவியையும் இந்த வாரமே ஹெபடைடிஸ் சி, பி இரண்டுக்கும் சோதித்து, என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.